திருநங்கை, திருநம்பியர் கோரிக்கையை அரசிடம் கொண்டுபோவது எப்படி? புதிதாகக் குழு தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குழுவின் முதல் மனுவில் பதினோரு கோரிக்கைகள் இருந்தன. வீட்டு மனைப் பட்டா, ரேஷன் கார்டு, ஓய்வூதியம், தொழில் கடன், போலீஸ் தொல்லை, பஸ் நிலையத்தில் கழிப்பறை, வேலையில் 1 சதவீத இட ஒதுக்கீடு என்று மனதில் இருந்த அத்தனையையும் மூன்று பக்கத்தில் நானே டைப் அடித்தேன். கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டி.டி.பி. வேலை பார்க்கும் திருநங்கை நான். ஊரில் உள்ளவர்களுக்கு நூற்றுக்கணக்கில் மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் மனு எங்கே போகும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து ஐந்து அலுவலகங்களிலிருந்து ஐந்து கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி: “இக்கோரிக்கை இவ்வலுவலகம் தொடர்புடையதன்று.”

அந்த எட்டு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு முறையைக் கற்றுக்கொண்டு மூன்றாவது ஆண்டில் 14 பேருக்குப் பட்டா வாங்கினோம். இட ஒதுக்கீட்டுக்கான வேலை இன்னும் நடக்கிறது. இங்கே சொல்வது எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

1. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை

கோரிக்கையை எழுதுமுன் “இதைச் செய்து கொடுக்கும் அதிகாரம் யாருக்கு?” என்று கேளுங்கள். பட்டா வருவாய்த் துறையின் வேலை, வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று கோப்பு மேலே போகும். ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலரிடம். ஓய்வூதியமும் திருநங்கையர் நல வாரியமும் சமூக நலத் துறையில். மாவட்டத்தில் அதற்கு மாவட்ட சமூக நல அலுவலர் இருக்கிறார். போலீஸ் தொல்லை என்றால் எஸ்.பி. அலுவலகம். இட ஒதுக்கீட்டைக் கலெக்டரால் தர முடியாது. அதற்கு அரசாணை வேண்டும், ஆகவே அது தலைமைச் செயலகத்துக்கும் சட்டமன்றத்துக்கும் போக வேண்டிய கோரிக்கை. 2019-ஆம் ஆண்டின் திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் பொதுவான சொல்) பாதுகாப்புச் சட்டத்தையே மாற்ற வேண்டும் என்றால் அது நாடாளுமன்றத்தின் வேலை, எம்.பி.யைப் பிடிக்க வேண்டும்.

பதினோரு கோரிக்கை இருந்தால் பதினோரு மனு போடுங்கள். ஆனால் ஒரே நாளில் அல்ல. உள்ளூரிலேயே முடியக்கூடிய ஒன்றை முதலில் எடுங்கள். ஒரு வேலை முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் வருவார்கள்.

2. பெரியவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

படித்த நாலு பேர் சேர்ந்தால் குழு ஆகிவிடும் என்று நினைத்தோம். எங்கள் பகுதி ஜமாத்தில் (திருநங்கைகள் குடும்பம்போல் சேர்ந்து வாழும் அமைப்பு) மூத்த அம்மா ஒருவர் கூப்பிட்டு, “ஏன்டி மகளே, மனு குடுக்கறதுக்கு முன்னாடி இந்த வீட்டு வாசப்படி உன் கண்ணுக்குத் தெரியலையா?” என்று கேட்டார். கோபமில்லை, வருத்தம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாற்பது பேர் வருவார்கள். சொல்லாவிட்டால் நாலு பேரும் சந்தேகம். நாயக் (ஜமாத்தின் தலைவி) இருக்கும் பகுதி என்றால் முதல் கூட்டத்தை அவர் வீட்டிலேயே வையுங்கள்.

திருநம்பிகளை (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான குழுக்களில் இதுதான் நடக்கிறது. அவர்கள் ஜமாத்துக்குள் இல்லை, பலர் இன்னும் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். பட்டா, ஓய்வூதியம் என்று பேசினால் அவர்களுக்கு ஒட்டாது. கல்விச் சான்றிதழில் பெயர் மாற்றம், மருத்துவமனையில் மரியாதை, வேலை என்று பேசிப் பாருங்கள், வருவார்கள். எங்கள் குழுவில் இன்று கணக்கு எழுதுவது ஒரு திருநம்பித் தம்பிதான்.

அடுத்தது புகைப்படம். எங்கள் இரண்டாவது மனுவின்போது வாசலில் நின்றிருந்த செய்தியாளர் ஒருவர் படம் எடுத்தார், மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதில் இருந்த ஒருத்தி, தான் ஒரு திருநங்கை என்று வாடகை வீட்டு உரிமையாளரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கிளம்புமுன் கேட்டுவிடுகிறோம்: யார் படத்தில் நிற்கலாம், யார் கையெழுத்து மட்டும், யார் பெயரே வரக் கூடாது. மூன்று பட்டியல் போட்டு ஒருவர் பொறுப்பெடுங்கள். பேட்டி கொடுக்க இரண்டு பேரை மட்டும் நியமியுங்கள்.

3. கோப்பு ஒன்று போடுங்கள்

ஒரு பாக்ஸ் ஃபைல், அறுபது எழுபது ரூபாய். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

பொதுத் தாள்கள்: 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநர் உரிமைகளை அங்கீகரித்துத் தந்த நல்சா தீர்ப்பின் உத்தரவுப் பகுதி. முழுத் தீர்ப்பும் நூறு பக்கத்துக்கு மேல் போகும், கடைசியில் உள்ள உத்தரவுகளை மட்டும் எடுத்தால் போதும். சமூக, கல்வி ரீதியாகப் பிற்பட்டவர்களாகக் கருதி ஒதுக்கீடு தர வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. அப்புறம் 2019 சட்டம், அதன்கீழ் வந்த 2020 விதிகள், 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட மாநிலத் திருநர் கொள்கை. சட்டமும் விதியும் திருத்தப்படக்கூடியவை. ஆகவே மனு போடும் வாரத்தில் அன்றைய நிலவரத்தை ஒரு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய விதியை மேற்கோள் காட்டி மனு போட்டால் அதைச் சொல்லியே திருப்பி அனுப்புவார்கள்.

ஆட்களின் தாள்கள்: ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. ஆதார், நல வாரிய அடையாள அட்டை, கலெக்டர் தரும் அடையாளச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வருமானச் சான்று, சாதிச் சான்று. இருப்பதை வாங்கி வையுங்கள், இல்லாததை ஒரு நோட்டில் எழுதுங்கள். அசலை வாங்கவே வாங்காதீர்கள். ஜெராக்ஸ் எடுத்தவுடன் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஆதாரில் ஒரு பெயர், வாரிய அட்டையில் வேறு பெயர், ரேஷன் கார்டில் பெற்றோர் வைத்த பெயர். எங்கள் 22 பேரில் ஒன்பது பேருக்கு இப்படி. பெயர் ஒத்துப்போகாதவர்களை மனுவில் சேர்த்தால் அவர்களைக் காரணம் காட்டி மொத்தக் கோப்பையும் நிறுத்துவார்கள். பெயர் சரியாக இருப்பவர்களை முதல் பட்டியலாகவும் மற்றவர்களை இரண்டாம் பட்டியலாகவும் பிரியுங்கள். இரண்டாம் பட்டியலில் இருப்பவர்களுக்கு இது வலிக்கும். அவர்களிடம் நேரில் உட்கார்ந்து பேசி, ஆவணம் திருத்தும் வேலையை அன்றே தொடங்கிவிடுங்கள்.

4. மனுவுக்கு முன் தகவல் உரிமை

மனு கொடுக்குமுன் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேள்வி போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம், முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். பதில் தர 30 நாள். வராவிட்டாலும் திருப்தி இல்லாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால்கூட சரியான அலுவலகத்துக்கு அவர்களே ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும்.

“ஏன் எங்களுக்குப் பட்டா தரவில்லை?” என்று கேட்காதீர்கள். விளக்கம் கேட்பது தகவல் அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எண்ணிக்கை, தேதி, நகல் இந்த மூன்றைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டது இப்படி:

“கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த வட்டத்தில் திருநங்கை, திருநம்பியர் அளித்த வீட்டு மனைப் பட்டா மனுக்களின் எண்ணிக்கை. அவற்றில் வழங்கப்பட்டவை, நிராகரிக்கப்பட்டவை, நிலுவையில் உள்ளவை. நிராகரித்த உத்தரவுகளின் நகல்.”

கலெக்டர் அலுவலகத்துக்கு இன்னொன்று: 2020 விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டரின் கண்காணிப்பில் திருநர் பாதுகாப்புப் பிரிவு இருக்க வேண்டும். அது அமைக்கப்பட்ட ஆணையின் நகல், இதுவரை நடந்த கூட்டங்களின் தேதி, நடவடிக்கைக் குறிப்பு. இந்தக் கேள்வியைப் போட்ட பிறகு எங்களைப் பார்க்கும் பார்வையே மாறியது. பதில் தாளோடு மனு கொடுத்தால் “அப்படி எதுவும் நிலுவையில் இல்லையே” என்று யாரும் சொல்ல முடியாது.

5. திங்கட்கிழமை மனு

கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கள்தோறும். காலை எட்டரைக்கே போய்விடுங்கள். வாசலில் போலீஸார் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று எல்லோருக்கும் நடக்கும் சோதனைதான் அது, நம்மை மட்டும் குறிவைத்து அல்ல. முதல் முறை வருகிறவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துப் பயந்து பாதியில் திரும்பிவிட்டாள்.

மனு ஒரு பக்கம், கூடினால் ஒன்றரை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. இந்தப் ‘பார்வை’ என்ற இடத்தில் ஆர்.டி.ஐ. பதிலின் எண்ணையும் தேதியையும் போடுங்கள். பிறகு நாலு வரியில் நிலைமை, இரண்டு வரியில் சட்டம், கடைசியில் என்ன வேண்டும் என்பது ஒரே வாக்கியம். கண்ணீர் வரவழைக்கும் பத்திகள் வேண்டாம். குமாஸ்தாவின் கண் ‘பொருள்’ வரிக்குத்தான் போகும்.

பட்டா கேட்பதாக இருந்தால் இடத்தையும் நீங்களே காட்டுங்கள். “இடம் இல்லை” என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில். காலியாக இருக்கும் அரசு புறம்போக்கைப் பார்த்து, வி.ஏ.ஓ.விடம் சர்வே எண் கேளுங்கள். எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டை அரசின் நில ஆவண இணையதளத்திலும் பார்க்கலாம். ஏரி, குளம், ஓடை என்று நீர்நிலையாக வகைப்படுத்திய இடம் என்றால் விட்டுவிடுங்கள், அதில் பட்டா கிடைக்காது. நாங்கள் முதலில் காட்டிய இடம் வெறும் முள்காடாகத்தான் தெரிந்தது. பதிவேட்டில் ‘ஓடை’ என்று இருந்தது. ஐந்து மாதம் போனது.

கொடுத்ததும் மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் நகராதீர்கள். மூன்று நகல்: ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்கள் கோப்புக்கு, ஒன்று துறை அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில். சில வாரத்தில் “சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பி வைக்கப்பட்டது” என்று பதில் போட்டு மனுவை முடித்துவிடும் பழக்கம் உண்டு. அது பதிலே அல்ல. அதே மனு எண்ணைப் பார்வையில் குறிப்பிட்டு, “முடிவு என்ன?” என்று அடுத்த திங்களே இன்னொரு மனு கொடுங்கள்.

எங்கள் செலவுக் கணக்கு: முதல் ஆறு மாதத்தில் 4,300 ரூபாய். பாதிக்கு மேல் சாப்பாடும் ஆட்டோவும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் நமக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, ஆனால் கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்குப் புறநகர்ப் பேருந்துக் காசு தேவைப்படும். ஆளுக்கு மாதம் 50 ரூபாய் வசூலித்து, வரவு செலவை மாதம் ஒருமுறை எல்லோர் முன்பும் வாசித்துவிடுங்கள்.

தரகர் விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆளுக்கு 3,000 கொடுத்தால் பட்டா முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் எங்களைத் தேடி வந்தார், ஆறு பேர் கொடுத்தும்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. இலவச வீட்டு மனைப் பட்டாவுக்கு யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

6. கிராம சபையை விட்டுவிடாதீர்கள்

ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் யாரும் பேசலாம். ஒரு வாரம் முன்பே தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலை அந்த வாரமே வாங்கிவிடுங்கள். “எங்கள் ஊர் ஆட்சேபிக்கவில்லை” என்று ஊரே சொன்ன தாள் அது. நமக்கு இடம் ஒதுக்கும்போது ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள் என்ற பேச்சு கட்டாயம் வரும், அப்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

7. சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா?

மனு கொடுக்கப் பதிவு தேவையில்லை. வங்கிக் கணக்கு, நன்கொடை, வாடகைக்கு அலுவலகம் என்று வரும்போது தேவைப்படும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. சங்க விதிகளை எழுதிக் கொடுக்க ஆடிட்டரோ வழக்கறிஞரோ பணம் வாங்குவார்கள். இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். பதிவோடு வேலை முடியாது. ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். நாங்கள் இரண்டு ஆண்டு விட்டுவிட்டு அபராதம் கட்டினோம். வெளிநாட்டுப் பணம் யார் கொடுத்தாலும், உரிய பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

8. எம்.எல்.ஏ., கட்சிகள், சட்டமன்றம்

இட ஒதுக்கீடு போன்ற கோரிக்கைகளுக்கு இதுதான் வழி. முதலில் கோரிக்கையை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லப் பழகுங்கள். 2015-இல் தமிழ்நாட்டில் நம்மை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். அதனால் பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்கு என்ன லாபம்? தன் சாதி ஒதுக்கீடா, இதுவா என்று ஒன்றைத்தான் பிடிக்க முடியும். நாம் கேட்பது கிடைமட்ட ஒதுக்கீடு: எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி., பொது என ஒவ்வொன்றுக்குள்ளும் 1 சதவீதம். கர்நாடகம் 2021-இல் அரசு வேலைகளில் இதைச் செய்துவிட்டது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் 1 சதவீதக் கிடைமட்ட ஒதுக்கீடு வழங்கச் சொல்லித் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. இதை இரண்டு நிமிடத்தில் சொல்லத் தெரிந்தவர்தான் எம்.எல்.ஏ. முன் பேச வேண்டும். எங்கள் முதல் சந்திப்பில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

“செய்கிறேன்மா” என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். மூன்றில் ஒன்றைக் கேளுங்கள்: துறை அமைச்சருக்கு அவருடைய லெட்டர்பேடில் ஒரு கடிதம், சட்டமன்றத்தில் ஒரு வினா, அல்லது மானியக் கோரிக்கை (துறைகளுக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்தில் இரண்டு நிமிடப் பேச்சு. கடிதம் என்றால் வரைவை நீங்களே டைப் அடித்துக் கொண்டுபோய்விடுங்கள், உதவியாளருக்கு வேலை மிச்சம்.

நேரம் முக்கியம். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும், அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை. ஆனால் துறைகள் கணக்குப் போடத் தொடங்குவது அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில். பணம் தேவைப்படும் கோரிக்கையை அக்டோபர், நவம்பரிலேயே கொண்டுபோங்கள். சமூக நலத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் இணையத்தில் வரும். திருநங்கையர் நல வாரியம் பற்றிய பக்கங்களைப் படித்து, போன ஆண்டு சொன்னதில் உங்கள் மாவட்டத்துக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது பத்திரிகையில் அறிவிப்பு வரும், அதையும் பயன்படுத்துங்கள். தேர்தல் வருகிறதென்றால் எல்லாக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுவுக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள்.

எல்லாக் கட்சியையும் பாருங்கள், எந்தக் கட்சித் துண்டையும் போட்டுக்கொண்டு படம் எடுக்காதீர்கள். “கூட்டத்துக்கு முப்பது பேரைக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்” என்று உள்ளூர் நிர்வாகி ஒருவர் எங்களிடம் கேட்டார். போனோம். ஆட்சி மாறியதும் எதிர்த்தரப்பு ஆட்கள் என்று ஓரம்கட்டப்பட்டோம். தனிப்பட்ட முறையில் நீங்கள் எந்தக் கட்சியிலும் இருக்கலாம், தேர்தலிலும் நிற்கலாம். 2020-இல் திருச்செங்கோடு ஒன்றியத்தில் திருநங்கை ரியாவும், 2022-இல் வேலூர் மாநகராட்சியில் திருநங்கை கங்காவும் கவுன்சிலராக ஜெயித்தார்கள். குழுவின் பெயரை மட்டும் கட்சிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

9. ஆர்ப்பாட்டம்

மனுவும் ஆர்.டி.ஐ.யும் சந்திப்பும் பலிக்காதபோது மட்டும். போலீஸ் அனுமதி வேண்டும். சென்னையில் ஐந்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், மாவட்டங்களில் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. தேதி, நேரம், இடம், எத்தனை பேர், மைக் உண்டா, பொறுப்பாளர்களின் பெயரும் போன் எண்ணும். விண்ணப்பத்தில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், அந்தத் தாள் இருந்தால்தான் நீதிமன்றம் போக முடியும்.

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வைக்காதீர்கள், எல்லோரும் விழுப்புரத்திலும் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவிலும் இருப்பார்கள். மாநிலம் முழுக்கக் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் விழுப்புரத்தில் அந்த வாரத்தை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. ஏப்ரல் 15 திருநங்கையர் தினம். அன்று செய்தியாளர்கள் தாங்களே நம்மைத் தேடுவார்கள், முதல் நாளே அவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்துவிடுங்கள்.

10. நீதிமன்றம், அதற்குப் பிறகு

உயர் நீதிமன்றத்தில் ரிட் வழக்கு போடுமுன் அதிகாரிக்கு மனு கொடுத்த ஆதாரம் இருக்க வேண்டும். முன்சொன்ன ரசீதுகள் எல்லாம் இங்கேதான் உதவும். பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெரும்பாலும் கிடைப்பது “மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்” என்ற உத்தரவுதான். பட்டா கொடு என்ற உத்தரவு என்று நினைத்து எங்கள் ஆட்கள் இனிப்பு வாங்கிவிட்டார்கள். பரிசீலித்துவிட்டு மறுக்கவும் முடியும். உத்தரவின் சான்றளித்த நகலோடு அடுத்த நாளே தாசில்தாரைப் பாருங்கள், கெடு முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

பட்டா கைக்கு வந்த அன்றே சர்வேயரை அழைத்து இடத்தை அளந்து நான்கு மூலையிலும் கல் நடச் சொல்லுங்கள். விழாவில் மேடையில் வைத்து எங்களுக்குத் தாள் கொடுத்தார்கள். இடத்தைக் காட்டப் பதினொரு மாதம் ஆனது. அதற்குள் பக்கத்து நிலத்துக்காரர் வேலியை ஆறடி உள்ளே தள்ளியிருந்தார். மூன்று பேருக்கு இன்னும் மறுஅளவை முடியவில்லை, அந்த மனுவைத்தான் வரும் திங்கள் கொண்டுபோகிறோம்.